மரக்கட்டையில் தொடங்கிய பதிகையும் கணினியின் தாமதமும்

பள்ளிக் கணினி அறைக்குப் பொறுப்பேற்றுள்ள ஆசிரிய நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. லினக்ஸ் வழங்கியில் ஒரு சேவை ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று கட்டளையிட்டுக் கேட்டால், விடை வருவதற்குச் சில வேளை அரை நிமிடத்திற்கும் மேலாகிறது. ஓடுகிறது, ஓடவில்லை என இரண்டே விடைகள் கொண்ட கேள்விக்கு ஏன் இவ்வளவு நேரம்?

இதற்குத் தொழில்நுட்ப விடையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். ஆயினும், அந்த விடைக்குப் பின்னால் நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது. பாடம் நடத்துகிறவன் என்பதால் கதையிலிருந்தே தொடங்குகிறேன். பெற்றோர்களும் பொறுமையுடன் படிக்கலாம். கணினி அறிவு பெரிதாகத் தேவைப்படாது.

கணினியில் நிகழும் ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதி வைக்கும் ஏட்டினை ஆங்கிலத்தில் ‘லாக்’ என்பர். தமிழில் ‘பதிகை’ என்கிறோம். ‘லாக்’ என்ற சொல்லின் நேர்ப்பொருள் மரக்கட்டை. மரக்கட்டைக்கும் ஏட்டுக்கும் என்ன உறவு? பாய்மரக் கப்பல்களின் காலத்தில் கப்பலின் வேகத்தை அளக்க ஒரு மரப்பலகையைக் கயிற்றில் கட்டிப் பின்புறமாகக் கடலில் வீசினார்கள். பலகையின் விளிம்பில் ஈயம் பதித்திருப்பதால் அது நீரில் நிமிர்ந்து ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். கப்பல் முன்னேற முன்னேறக் கயிறு அவிழ்ந்து ஓடும். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள். ஒருவர் சிறிய மணற்கடிகையைக் கவிழ்த்துப் பிடிக்க, இன்னொருவர் மணல் தீர்வதற்குள் கையை விட்டுச் சென்ற முடிச்சுகளை எண்ணுவார். வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1574-ஆம் ஆண்டில் வெளியிட்ட கடற்பயண நூலில் இம்முறையை விளக்கியிருக்கிறார்.

பிற்காலத்தில் நிலைபெற்ற அளவு 28 நொடி மணற்கடிகையும், 47 அடி 3 அங்குல இடைவெளியில் முடிச்சுகளும் ஆகும். ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் இந்த எண்களைக் கொடுத்துப் பாருங்கள். 47.25 அடியை 28-ஆல் வகுத்து 3600-ஆல் பெருக்கினால் 6075 அடி வரும். ஒரு கடல் மைலுக்கு ஓர் அடிதான் குறைவு! கப்பலின் வேகத்தை இன்றும் ‘நாட்’ என்று, அதாவது முடிச்சு என்று சொல்வது இதனால்தான். நம் பாட்டன்மாரை நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்கிற்கு ஏற்றி வந்த ‘ரஜூலா’வின் வேகமும் முடிச்சுக் கணக்கில்தான் சொல்லப்பட்டது.

எண்ணிய முடிச்சுகளை மாலுமி உடனே ஏட்டில் எழுதவில்லை. காற்றும் மழையும் அடிக்கும் மேல்தளத்தில் ஏடு தாங்காது. கரும்பலகை ஒன்றில் சுண்ணக்கட்டியால் கிறுக்கி வைத்தார்கள். பிறகு ஓய்வாக உட்கார்ந்து அதனை ஏட்டில் படியெடுத்தார்கள். மரக்கட்டையின் பெயர் பலகைக்கும், பலகையின் பெயர் ஏட்டுக்கும் இப்படியே ஏறியது. இந்த இருநிலை ஏற்பாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். விரைவாக எழுதுவதற்கு ஓர் இடம், பின்னர் எளிதாகத் தேடிப் படிப்பதற்கு வேறோர் இடம். கணினியின் தாமதம் இவ்விரண்டுக்கும் இடையில்தான் ஒளிந்திருக்கிறது.

ஆசிரியர்களுக்கு இன்னொரு செய்தி. கப்பலின் ஏடு 1862-இல் பள்ளிக்குள் நுழைந்தது. இங்கிலாந்தில் அரசின் உதவித்தொகை பெறும் தொடக்கப்பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் ‘லாக் புத்தகம்’ எழுதி வர வேண்டும் என்று அவ்வாண்டின் திருத்தப்பட்ட கல்வி விதிகள் கட்டாயமாக்கின. நடந்ததை எழுது, உன் கருத்தை எழுதாதே என்பதும் விதி. மழையால் வருகை குறைந்தது, தட்டம்மையால் பள்ளி மூடப்பட்டது, மேற்பார்வையாளர் வந்து சென்றார் என்பன போன்ற வறண்ட வரிகள்தாம் அவற்றில் மிகுதி. ஆனால் அந்த வறண்ட வரிகளைக் கொண்டே இன்று அந்நாட்டு ஆய்வாளர்கள் அக்காலக் குழந்தைகளின் வாழ்க்கையை எழுதுகிறார்கள். நம் நாட்டுப் பள்ளி அலுவலகத்தில் ‘புக்கு லோக்’ என்று ஓர் ஏடு இருக்குமே, அதன் பெயரும் அந்த மரக்கட்டையிலிருந்து வந்ததே.

கணினி வந்தபோது ஏடு அதனுடன் சேர்ந்தே வந்தது. அறை அளவுள்ள தொடக்ககாலக் கணினிகளின் அருகே தாள் ஏடு இருக்கும். இயக்குநர் கையால் எழுதுவார். அவற்றுள் புகழ்பெற்றது ஆர்வர்ட் பல்கலைக்கழகத்தின் ‘மார்க் 2’ கணினியின் ஏடு. 1947 செப்டம்பர் 9-ஆம் நாள், பிழைக்குக் காரணமாக ஓர் இணைப்பியில் சிக்கியிருந்த அந்துப்பூச்சியை எடுத்து ஒட்டுநாடாவால் ஏட்டிலேயே ஒட்டி, நேரத்தையும் குறித்து வைத்தார்கள். ‘பக்’ என்ற சொல் அன்றுதான் பிறந்தது என்று பலரும் எழுதுவது சரியன்று. எடிசன் காலத்துப் பொறியாளர்களே கருவிக் கோளாறை அப்படித்தான் அழைத்தார்கள். பூச்சியோடு கூடிய அந்த ஏடு அமெரிக்காவின் சுமித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாளில் எழுதாமல் விட்டிருந்தால் நமக்கு அந்தக் கதையே தெரிந்திருக்காது.

கணினி தானே எழுதும் பதிகைக்கு இன்றுள்ள வடிவம் 1980-களின் தொடக்கத்தில் கிடைத்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர் ‘சென்ட்மெயில்’ என்னும் மின்னஞ்சல் நிரலை எழுதிக்கொண்டிருந்தார். அதன் செய்திகளைப் பெற்றுக் கோப்பில் எழுதுவதற்காக ‘சிஸ்லாக்’ என்ற துணை நிரலை உருவாக்கினார். மற்ற நிரல்களும் அதனைப் பயன்படுத்தத் தொடங்கின. ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை முதன்மை எண் உண்டு. 0 என்றால் கணினியே பயன்படாத நிலை. 7 என்றால் நிரலாளர் பிழை தேடுவதற்கான சிறு குறிப்பு. விந்தை என்னவென்றால், உலகெங்கும் பரவிவிட்ட இந்த வழக்கத்திற்கு எழுத்து வடிவிலான விளக்க ஆவணம் 2001-இல்தான் வந்தது; முறையான தர வரையறை 2009-இல் வந்தது.

பதிகை எதற்கு, வேகம் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் நிகழ்ச்சி 1986-இல் நடந்தது. லாரன்சு பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தார். கணினியை யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார்கள் என்று காட்டும் இரண்டு கணக்குகளுக்கிடையே 75 காசு வேறுபாடு இருந்தது. அமெரிக்கக் காசில் 75. நம்மில் பலர் அதனை ஒதுக்கித் தள்ளியிருப்போம். அவர் தள்ளவில்லை. தேடியபோது, கணக்கில் முறையாகச் சேர்க்கப்படாத ஒரு பயனர் உள்ளே வந்து போனது தெரிந்தது.

வந்தவன் கணினியில் முழு அதிகாரம் பெற்றுவிட்டதால், கணினிக்குள் இருக்கும் எந்தப் பதிகையையும் அழிக்க முடியும். ஸ்டோல் என்ன செய்தார் தெரியுமா? ஒரு வார இறுதியில் சக ஊழியர்களின் மேசைகளிலிருந்து அச்சுப்பொறிகளையும் முனையங்களையும் திரட்டி, உள்வரும் 50 இணைப்புகளிலும் பொருத்தினார். உள்ளே நுழைந்தவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் தாளில் அச்சானது. தாளை வெளிநாட்டிலிருந்து யாரும் அழிக்க முடியாதல்லவா? பல மாதங்கள் அந்தத் தாள்களைத் தொடர்ந்து சென்றபோது, மேற்கு செர்மனியின் அனோவர் நகரில் இருந்த மார்க்குஸ் எஸ் என்பவரிடம் தடம் முடிந்தது. அமெரிக்கப் படைத்துறைக் கணினிகளில் திருடிய தகவல்கள் சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டிருந்தன. 1990-இல் செர்மனிய நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. 75 காசுக்கான கணக்கு ஏடு இல்லையென்றால் இவற்றுள் எதுவும் வெளிவந்திராது.

இனி வேகத்திற்கு வருவோம். சிஸ்லாக் எழுதிய பதிகை வெறும் உரைக்கோப்பு. புதிய வரி எப்போதும் கடைசியில் சேரும். எழுதுவது எளிது, கடைசிப் பத்து வரிகளைப் பார்ப்பதும் எளிது. ஆனால் குறிப்பிட்ட ஒரு சேவையின் செய்திகளை மட்டும் எடுக்க வேண்டுமானால் முழுக் கோப்பையும் முதலிலிருந்து படித்தாக வேண்டும். ஆண்டு முழுவதும் ஒரே வருகைப் பதிவேட்டில் எல்லா வகுப்புகளையும் கலந்து எழுதிவிட்டு, ஒரு மாணவனின் வருகையைத் தேடுவது போன்றது இது. அதனோடு வேறு குறைகளும் இருந்தன. அதன் பழைய வடிவத்தில் நாளும் மாதமும் உண்டு, ஆண்டு கிடையாது! (கட்டுரையில் ஆண்டு எழுதாத மாணவரை நாம் திருத்துகிறோம், இருபது ஆண்டுகள் கணினிகளை யாரும் திருத்தவில்லை.) எந்த நிரலும் தன்னை வேறொரு நிரல் என்று சொல்லிப் பொய்ச்செய்தி எழுதவும் முடிந்தது.

அக்காலத்தில் சேவையின் நிலையைக் கேட்பது வேறு வேலை. பதிகையைப் படிப்பது வேறு வேலை. நிலையைக் கேட்டால் ஒரு சிறு நிரல் பெரும்பாலும் குறிப்புக் கோப்பு ஒன்றில் எழுதியிருக்கும் செயல்முறை எண்ணைப் பார்த்து, அந்த எண்ணில் ஏதேனும் ஓடுகிறதா என்று சோதித்துச் சொல்லிவிடும். கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் சேவை இறந்தபின் அதே எண் வேறொரு நிரலுக்குக் கிடைத்திருந்தால், சோதனையில் கவனமில்லாத நிரல் ‘ஓடுகிறது’ என்றே சொல்லும். விரைவான விடை, சில வேளை பொய்யான விடை.

2010 ஏப்ரலில் லென்னார்ட் போட்டரிங் என்ற செர்மனியப் பொறியாளர், லினக்ஸ் தொடங்கும் முறையையே மாற்றும் ‘சிஸ்டம்டி’ திட்டத்தை அறிவித்தார். 2011 மே மாதம் ஃபெடோரா 15 அதனை ஏற்றது. அதே ஆண்டு நவம்பரில் அவரும் கே சீவர்சும் ‘சர்னல்’ என்ற புதிய பதிகை முறையை அறிவித்தார்கள். இதில் செய்தியை எழுதியது யார் என்பதை நிரல் தானே சொல்லத் தேவையில்லை. இயங்குதளமே கண்டறிந்து சேர்க்கும். பதிகை உரைக்கோப்பாக இல்லாமல், அட்டவணையுடன் கூடிய இருமக் கோப்பாக இருக்கும். ஒரே சொல் ஆயிரம் முறை வந்தாலும் ஒருமுறைதான் சேமிக்கப்படும். அது எந்தெந்தச் செய்திகளில் வந்தது என்ற பட்டியல் உடன் இருக்கும். நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவு போல என்று கொள்ளலாம்.

எதிர்ப்பும் கடுமையாகவே இருந்தது. உரைக்கோப்பு பாதி சிதைந்தாலும் மீதியை எந்தக் கருவியாலும் படிக்கலாம், இருமக் கோப்பு சிதைந்தால் என்ன செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் கேட்டார்கள். டெபியன் அமைப்பின் தொழில்நுட்பக் குழு சிஸ்டம்டி முறையை ஏற்பதா என்று 2014 பிப்ரவரியில் வாக்களித்தபோது வாக்குகள் சமமாயின. தலைவரின் முடிவு வாக்கால் சிஸ்டம்டி வென்றது. மனம் ஒப்பாதவர்கள் பிரிந்து சென்று ‘டெவுவன்’ என்ற தனி இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். டெபியன் 8, உபுண்டு 15.04 ஆகிய இரண்டும் 2015 ஏப்ரலில் புதிய முறையுடன் வெளிவந்தன. எதிர்த்தவர்களின் கேள்வி நியாயமானது என்றே நான் கருதுகிறேன்; எனினும் யார் எழுதியது என்ற ஐயமில்லாத பதிகை கிடைத்ததைக் குறைத்து மதிப்பிட முடியாது.

சொல்லடைவு இருந்தால் தேடல் விரைவாக அன்றோ இருக்க வேண்டும்? இங்கேதான் நம் கேள்விக்கு விடை வருகிறது. புதிய முறையில் நிலையைக் கேட்கும் கட்டளை இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. சேவை ஓடுகிறதா என்பதை முதன்மை நிரலிடம் கேட்கிறது. அந்த விடை உடனே கிடைத்துவிடுகிறது. அதன்பின், நமக்கு உதவியாக இருக்கட்டும் என்று அச்சேவையின் கடைசிப் பத்துப் பதிகை வரிகளையும் தேடுகிறது. நேரம் போவது இரண்டாவது வேலையில்தான்.

பதிகை ஒரே கோப்பில் இருப்பதில்லை. தனி வரையறை எதுவும் கொடுக்காவிட்டால், அது இருக்கும் பகுதியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு வரை, உச்சமாக 4 கிகாபைட் வரை வளரும். ஒரு கோப்பு 128 மெகாபைட்டைத் தாண்டாது. நிறைந்ததும் புதிய கோப்பு தொடங்கும். பழைய கோப்புகள் நூறு வரை சேரலாம். ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனிச் சொல்லடைவு. கடைசிப் பத்து வரிகள் எவை என்று உறுதிசெய்ய, எல்லாக் கோப்புகளையும் திறந்து, ஒவ்வொன்றின் சொல்லடைவையும் புரட்ட வேண்டும். நூறு நூல்களின் இறுதிப் பக்கங்களைப் புரட்டுவதை எண்ணிப் பாருங்கள்.

பழைய வன்தட்டாக இருந்தால் துன்பம் மிகுதி. நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டு ஒருமுறை சுற்ற 8.3 மில்லிநொடி ஆகும். படிக்கும் முனை இடம்மாறும் நேரத்தையும் சேர்த்தால் ஓரிடத்திலிருந்து வேறோரிடத்திற்குத் தாவிப் படிக்க ஏறக்குறைய 10 மில்லிநொடி வேண்டும். இரண்டாயிரம் தாவல் என்றால் 20 நொடி. உரைக்கோப்பைத் தொடர்ச்சியாகப் படிப்பதைவிட, சொல்லடைவைத் தாவித் தாவிப் படிப்பது வன்தட்டுக்குக் கடினம். இதைச் சோதித்துப் பார்ப்பதும் எளிது. அதே கட்டளையை உடனே மறுமுறை கொடுங்கள். பெரும்பாலும் ஒரு நொடியில் விடை வந்துவிடும். முதல்முறை படித்தவை நினைவகத்தில் தங்கியிருப்பதே காரணம். சுழலும் தட்டில்லாத திண்மநிலை வட்டில் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்துவிடும்.

விண்டோசு பயன்படுத்துவோர் சிரிக்க வேண்டாம். 1993-இல் வந்த விண்டோசு என்.டி. 3.1 தொடங்கி அங்கேயும் பதிகை இருமக் கோப்புதான். ‘நிகழ்வு காட்டி’யில் எல்லாப் பதிகைகளிலிருந்தும் பிழைகளை மட்டும் திரட்டிக் காட்டும் பகுதியைத் திறந்துவிட்டுத் தேநீர் கலக்கி வரலாம்.

தாமதம் தெரிந்தவுடன் பலர் முதலில் எடுக்கும் முடிவு, பதிகை முழுவதையும் அழிப்பது. இதைப் பற்றி எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் தம் தாத்தா பாட்டியரிடம் தோட்ட வாழ்க்கையைக் கேட்டு ஒலிப்பதிவு செய்து, வழங்கியில் சேமித்திருந்தார்கள். மொத்தம் 61 பதிவுகள். சில வாரங்களாக நிலையறியும் கட்டளை மெதுவாகிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் ஒரு நிமிடத்தைத் தாண்டியது. மறுமுறை கொடுத்தாலும் விரைவாகவில்லை. பழுதுபார்க்க வந்த கடைக்காரர், பதிகையை அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிக் கட்டளையையும் தட்டத் தொடங்கினார். படித்துவிட்டு அழிக்கலாம் என்று நான் தடுத்தேன்.

இயங்குதளத்தின் கருவகம் எழுதிய செய்திகளை மட்டும் பிரித்துப் பார்த்தோம். வன்தட்டின் சில பகுதிகளைப் படிக்க இயலவில்லை என்று வரிசையாக எழுதியிருந்தது. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை முதல் வரி; பிறகு நாளுக்கு இரண்டு, மூன்று; அந்த வாரத்தில் நூற்றுக்கணக்கில். வட்டு ஒவ்வொரு முறையும் தோற்று மீண்டும் முயன்றுகொண்டிருந்ததால்தான் தாமதம். அன்று மாலையே பதிவுகளை வேறு வட்டுக்குப் படியெடுத்தோம். 59 வந்தன, இரண்டு வரவில்லை. பதினொரு நாள் கழித்து அந்த வட்டு அடியோடு நின்றுபோனது. வந்த 59-இல் ஒன்று, அந்த ஆண்டு தொடக்கத்தில் காலமாகிவிட்ட ஒரு பாட்டியின் குரல். பால்மரம் வெட்டும் கத்தியைத் தீட்டுவது எப்படி என்று அவர் பேரனுக்கு விளக்குகிறார்.

பதிகையை வைத்துக்கொண்டே விரைவு பெற வழிகள் இருக்கின்றன. நிலை மட்டும் போதுமென்றால், கட்டளையோடு காட்ட வேண்டிய வரிகளின் எண்ணிக்கையைச் சுழியம் என்று கொடுத்துவிடலாம். பதிகையைத் தொடாமல் உடனே விடை சொல்லிவிடும். அமைப்புக் கோப்பில் பதிகையின் மொத்த அளவுக்கு வரம்பு விதிக்கலாம். எங்கள் புதிய வட்டில் 500 மெகாபைட் என்று வைத்திருக்கிறோம். நான்கு மாதச் செய்திகளுக்கு அது போதுகிறது. பழையவற்றைக் குறைக்க வேண்டுமானால், இத்தனை நாளுக்கு முற்பட்டவை என்று சொல்லி நீக்கும் கட்டளை இருக்கிறது. நீக்குவதற்கு முன் உரைக்கோப்பாக மாற்றி வெளி வட்டு ஒன்றில் படியெடுத்து வைக்கிறோம். கப்பல்காரர்கள் கரும்பலகையைத் துடைப்பதற்கு முன் ஏட்டில் எழுதிக்கொண்ட அதே வேலைதான்.

சில இயங்குதளங்களில் பதிகை வட்டில் எழுதப்படாமல் நினைவகத்தில் மட்டும் இருக்கும். கணினியை அணைத்தால் போய்விடும். உங்கள் பள்ளி வழங்கியில் எப்படி என்பதை அறிய, பதிகை அடைவினுள் ‘சர்னல்’ என்ற பெயரில் உள்ளடைவு இருக்கிறதா என்று பாருங்கள். வழங்கி தன் அமைப்பு மாற்றப்படாமல் அப்படியே இருந்து, அந்த அடைவும் இல்லையென்றால், மின்தடைக்கு முன் என்ன நடந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அடைவை உருவாக்கிக் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் போதும். பள்ளி விடுமுறைக்கு முன் செய்துவிடுங்கள்.